வைஃபையில் தொடங்கிய அழைப்பு வீட்டைவிட்டு வெளியே வந்ததும் அறுபடுவது ஏன்?

கேள்வி: மலைச்சரிவு

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைச் சரிவில் எங்கள் வீடு இருக்கிறது. வீட்டையொட்டி விருந்தினருக்கென இரண்டு அறைகளும் வைத்திருக்கிறோம். வீடு பள்ளத்தில் அமைந்திருப்பதால் எந்த நிறுவனத்தின் டவரும் நேராகத் தெரியாது. கூடத்தில் ஒரு கோடு சிக்னல் வந்தால் அதிகம். சமையலறையில் அதுவும் இராது. ஃபைபர் இணைப்பு கிடைத்த பிறகு எல்லோருடைய கைபேசியிலும், டவருக்குப் பதிலாக வைஃபை வழியே அழைப்பை அனுப்பும் வைஃபை காலிங் வசதியை இயக்கிவிட்டோம். இப்போது வீட்டுக்குள் பேச்சு தெளிவாக இருக்கிறது, வங்கியின் ஓ.டி.பி. குறுஞ்செய்திகளும் தடையில்லாமல் வந்துவிடுகின்றன.

வெளியே இறங்கும்போதுதான் சிக்கல். பேசிக்கொண்டே போர்ட்டிகோவைத் தாண்டி கேட் வரை நடந்தால் குரல் விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கி, கேட்டைக் கடப்பதற்குள் அழைப்பு அறுந்துவிடுகிறது. மேலே சாலை வளைவை அடைந்தவுடன் சிக்னல் நன்றாகவே இருக்கிறது. மறுபடி அழைத்தால் உடனே இணைப்பு கிடைக்கிறது. அம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. மருத்துவரிடம் பேசியபடியே அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட வேண்டிய நிலை வந்தால், அந்த நேரத்தில் அழைப்பு அறுபடக் கூடாது என்பதே என் கவலை.

வைஃபையும் செல்பேசி வலையமைப்பும் ஒன்றோடொன்று எங்கே, எப்படி இணைகின்றன? இந்த அறுபடல் தொழில்நுட்பத்தின் எல்லையா, அல்லது எங்கள் அமைப்பில் சரிசெய்யக்கூடியதா? விருந்தினர்கள் கடவுச்சொல் கேட்டு அலையாமல், அவர்களுடைய சிம் வழியாகவே எங்கள் வைஃபையில் தானாக இணைய வழி உண்டா என்பதையும் விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: அலைவரிசை

வணக்கம் ஐயா. தொலைத்தொடர்பு நிறுவனமொன்றின் மையப் பிணையப் பிரிவில் பணிபுரிகிறேன் என்பதால் முதல் இரண்டு கேள்விகளுக்கும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டவரின் அலையும் உங்கள் ரவுட்டரின் அலையும் காற்றில் எங்கும் சந்திப்பதில்லை. இரண்டும் ஒன்றுசேரும் இடம் நிறுவனத்தின் மையப் பிணையத்துக்குள் இருக்கிறது. வைஃபை காலிங் இயங்கும்போது உங்கள் கைபேசி, ஃபைபர் இணைப்பின் வழியே பொது இணையத்தைக் கடந்து, நிறுவனத்தின் வாயிலில் நிற்கும் இ.பி.டி.ஜி. என்னும் சேவையகத்துக்கு மறையாக்கம் செய்யப்பட்ட ஓர் ஐபிசெக் சுரங்கத்தை அமைத்துக்கொள்கிறது. இந்தச் சேவையகம் செல்பேசித் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு 2008-இல் நிறைவுசெய்த எட்டாம் வெளியீட்டில் இடம்பெற்றது. கைபேசி தன்னை அடையாளம் காட்டுவது சிம்மில் உள்ள இரகசிய விசையைக் கொண்டுதான். ஆகவே நீங்கள் எந்த நிறுவனத்திடம் ஃபைபர் வாங்கியிருந்தாலும், அந்தச் சுரங்கம் சிம் கொடுத்த நிறுவனத்திடமே போய்ச் சேரும். அங்கிருந்து குரல், 4ஜி வழியே பேசும் வோல்ட்இ அழைப்பைக் கையாளும் அதே ஐ.எம்.எஸ். அமைப்புக்குள் நுழைகிறது. உங்கள் ஓ.டி.பி.யும் அந்த வழியில்தான் வருகிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. கைபேசி வைஃபையிலிருந்து 4ஜிக்கு மாறும்போது, “இது புதிய இணைப்பு அன்று, ஏற்கெனவே உள்ளதன் தொடர்ச்சி” என்று பிணையத்திடம் சொல்லும். மையத்தில் உள்ள நுழைவாயில் அதே ஐ.பி. முகவரியை விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்து, பாதையை மட்டும் மாற்றிவிடும். எதிர்முனையில் பேசுபவருக்கு ஒரு கணம் மௌனம் கேட்கலாம், அழைப்பு அறுபடாது. ஆகவே நீங்கள் கேட்ட தொடர்ச்சி நடைமுறையில் உள்ளதுதான்.

அப்படியிருந்தும் உங்கள் கேட்டருகே அது தோற்பதற்குக் காரணம், இரண்டு வலையமைப்புகளிலும் மாறுதலை முடிவுசெய்பவர் வேறு வேறு என்பதே. ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்கு நகரும்போது, கைபேசி அனுப்பும் அளவீடுகளைப் பார்த்து டவர்தான் முடிவெடுக்கிறது. அடுத்த டவரில் இடம் ஒதுக்கி வைத்த பிறகே கைபேசிக்கு ஆணை வருகிறது. வைஃபையில் அப்படி யாரும் முன்னேற்பாடு செய்வதில்லை. நீங்கள் கேட்டை நோக்கி நடக்கிறீர்கள் என்பது டவருக்குத் தெரியாது. ரவுட்டருக்கு அதைப் பற்றிய அக்கறையே இல்லை. முழுப் பொறுப்பும் கைபேசியின் மீது விழுகிறது. அது வைஃபை மெலிவதை உணர்ந்து, 4ஜியைக் கண்டறிந்து, அதில் பதிவுசெய்து, இணைப்பை நகர்த்தும் வரை பழைய வைஃபை உயிரோடு இருக்க வேண்டும். குரல் 20 மில்லி விநாடிக்கு ஒரு பொட்டலமாகச் செல்வதால், சில விநாடி வெறுமைகூட அழைப்பை முடித்துவிடப் போதும்.

மாறிச்செல்லும் இடத்தில் 4ஜியே இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. 2ஜி சிக்னல் மட்டும் கிடைக்கும் இடமானால், வைஃபையில் நடக்கும் அழைப்பு வழக்கமாக அதற்குள் நகராது, அறுந்துதான் போகும்.

எனவே தயவுசெய்து அளந்து பாருங்கள். போர்ட்டிகோ, கேட், கேட்டுக்கும் வளைவுக்கும் நடுவழி, வளைவு ஆகிய நான்கு இடங்களிலும் வைஃபை வலிமை, 4ஜி வலிமை இரண்டையும் குறித்து எழுதுங்கள். ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் சிம் நிலை என்ற பகுதியில் சிக்னல் வலிமையைக் குறிக்கும் டிபிஎம் அளவில் எண் தெரியும். அது கழித்தல் எண்ணாக இருக்கும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை அதிகம். ஐபோனில் \*3001#12345#\* என்று டயல் செய்தால் களச்சோதனைத் திரை திறக்கும். திரையின் மேலுள்ள கோடுகளை நம்ப வேண்டாம். அவற்றை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வரைகிறார்கள்.

பதில் 2: தோட்டக்காரர்

ஐயா, இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? இணையக் கடைகளில் சிக்னல் பூஸ்டர் கிடைக்கிறது. மொட்டைமாடியில் ஓர் ஆண்டெனா, வீட்டுக்குள் ஒன்று என்று வைத்தால் வீடு முழுவதும் சிக்னல் வந்துவிடும். வைஃபை காலிங்கே வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் சிலர் வைத்திருக்கிறார்கள்.

பதில் 3: நெடுநாள் வாசகர்

தோட்டக்காரர் நல்லெண்ணத்தில் சொல்கிறார் என்றாலும் அந்த வழியில் போக வேண்டாம் என்று வலியுறுத்துகிறேன். உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனம் அல்லாத தனியார், அத்தகைய கருவியை வாங்குவதும் வைத்திருப்பதும் நிறுவுவதும் இந்தியாவில் சட்டவிரோதம். 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டக் காலம் முதலே இந்தக் கட்டுப்பாடு உண்டு. சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், மலிவான பூஸ்டர் தன் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி டவருக்கே அனுப்புகிறது. அதனால் அந்த டவரை நம்பியிருக்கும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் அழைப்புகள்தாம் பாழாகும். ஒரே டவர் மட்டும் உள்ள மலைப்பகுதியில் அதைச் செய்வது அநியாயம்.

வைஃபையைச் செல்பேசியோடு இணைக்கும் முயற்சி புதிதன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். பிரிட்டனில் பி.டி. நிறுவனம் 2005-இல் ஃப்யூஷன் என்ற சேவையை, முதலில் புளூடூத்திலும் பிறகு வைஃபையிலும் நடத்தியது. அமெரிக்காவில் டி-மொபைல், ஹாட்ஸ்பாட் அட் ஹோம் என்ற பெயரில் 2007 ஜூனில் நாடு முழுவதும் தொடங்கியது. அவை யு.எம்.ஏ. என்ற நுட்பத்தை நம்பியிருந்தன. அதில் கைபேசி, ஜி.எஸ்.எம். சமிக்ஞைகளையே இணையத்தின் வழியே அனுப்பியது. மையத்தில் இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டி அதையும் ஒரு டவர் நிலையம் போலவே நடத்தியது. ஆனால் அதற்கென்றே தயாரிக்கப்பட்ட கைபேசி வேண்டியிருந்தது. தொடக்கத்தில் டி-மொபைல் கொடுத்தவை நோக்கியா 6086, சாம்சங் டி409 என்னும் இரண்டு மாதிரிகள்தாம். குரலே இணையப் பொட்டலமாக மாறி, வோல்ட்இ வந்த பிறகுதான் இரண்டு பாதைக்கும் ஒரே மையம் போதும் என்ற நிலை பிறந்தது. 2014-இல் ஐபோன்கள் ஐஓஎஸ் 8 வழியாக இந்த வசதியைப் பெற்றன. இந்தியாவில் ஏர்டெல் 2019 டிசம்பரில் டெல்லி வட்டாரத்தில் தொடங்க, ஜியோ 2020 ஜனவரியில் தொடர்ந்தது. தனிக் கட்டணமின்றி இது கிடைப்பது மலைப்பகுதி மக்களுக்குப் பேருதவி என்பது என் கருத்து.

மலைச்சரிவு

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அலைவரிசை அவர்கள் கேட்டபடி அளந்துவிட்டேன். போர்ட்டிகோவில் வைஃபை -58, 4ஜி -121. சுமார் முப்பது மீட்டர் தள்ளி இருக்கும் கேட்டில் வைஃபை -84. 4ஜி -124 என்று காட்டி மறைந்து மறைந்து வருகிறது. கேட்டுக்கும் வளைவுக்கும் நடுவழியில் வைஃபை அறவே இல்லை, 4ஜி -111. வளைவில் 4ஜி -101. கேட்டுக்கு முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து மீட்டருக்கு இரண்டுமே பயன்படாத இடைவெளி இருப்பதாக எனக்குப் படுகிறது. ரவுட்டரின் ஒலிபரப்புத் திறனை முழு அளவுக்கு உயர்த்திப் பார்த்தும் பலனில்லை.

அலைவரிசை

மிகச் சரியாகக் கணித்திருக்கிறீர்கள். 4ஜியில் -110க்குக் கீழே போனால் மெலிவு என்றும், -120க்குக் கீழே போனால் ஏறக்குறைய இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். வைஃபையில் குரலுக்கு -67 வரையாவது வேண்டும் என்பதே அலுவலக வலையமைப்புகளை வடிவமைப்போர் பின்பற்றும் அளவு. உங்கள் கேட்டில் இரண்டும் கைவிட்டுவிடுகின்றன. ஆற்றின் இரு கரையிலும் பாலத்துக்குத் தூண் எழுப்பிவிட்டு நடுப்பகுதியைப் போடாமல் விட்டதற்கு ஒப்பானது இது. கைபேசியோ நிறுவனமோ எவ்வளவு சிறப்பாகச் செயல்பட்டாலும் இல்லாத நிலத்தின்மீது அழைப்பை நகர்த்த முடியாது.

ரவுட்டரின் திறனை உயர்த்தியது பயன்படாததற்குக் காரணம் உண்டு. ரவுட்டர் உரக்கப் பேசினால் கைபேசிக்குக் கேட்கும். ஆனால் கைபேசியின் சிறிய குரல் ரவுட்டருக்குக் கேட்காது. பேச்சு இருவழி என்பதால் மெலிந்த பக்கமே எல்லையைத் தீர்மானிக்கிறது.

செய்ய வேண்டியது, கேட்டின் தூணில் வெளிப்புறப் பயன்பாட்டுக்கென உள்ள ஓர் அக்சஸ் பாயின்ட்டை, அதாவது வீட்டு ரவுட்டரின் இணைப்பை வாங்கி வைஃபையாகப் பரப்பும் கருவியை, பொருத்துவது. அது கேட்டைத் தாண்டி நடுவழி வரை வைஃபையைக் கொண்டுபோகும். அங்கே 4ஜி -111 என்ற, மெலிந்ததானாலும் பயன்படுத்தக்கூடிய அளவில் காத்திருக்கிறது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படர்ந்திருக்கும் அந்தப் பத்திருபது மீட்டர்தான் உங்களுக்குத் தேவை. வளைவு வரை வைஃபையை நீட்ட ஆசைப்பட வேண்டாம். அப்படிச் செய்தால் கைபேசி செத்துக்கொண்டிருக்கும் வைஃபையை விடாமல் பிடித்துக்கொண்டு, நல்ல 4ஜி பக்கத்திலேயே இருந்தும் மாறத் தாமதிக்கும்.

புதிய கருவியில் வீட்டு ரவுட்டருக்கு வைத்த அதே பெயரும் கடவுச்சொல்லும் இருக்கட்டும். மிக முக்கியமாக, அதை அக்சஸ் பாயின்ட் நிலையில் மட்டும் இயக்குங்கள். ரவுட்டர் நிலையில் வேண்டாம். ரவுட்டர் நிலையில் அது தன் பங்குக்குத் தனி ஐ.பி. முகவரிகளை வழங்கும், போர்ட்டிகோவிலிருந்து கேட்டுக்கு நடக்கும்போதே கைபேசியின் முகவரி மாறி, ஐபிசெக் சுரங்கத்தை மறுபடி சீர்செய்ய வேண்டியதாகிவிடும். கேட்டில் தீர்க்க வேண்டிய சிக்கலைப் படிக்கட்டுக்கே அழைத்துவந்த கதையாக அது முடியும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை கேட்டருகே போதும். அதில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள் மட்டுமே ஒன்றோடொன்று மோதாதவை என்பதால், வீட்டு ரவுட்டர் எதில் இயங்குகிறதோ அதை விட்டு வேறொன்றைக் கொடுங்கள்.

கைபேசியில் “வைஃபைக்கு முன்னுரிமை”, “செல் வலையமைப்புக்கு முன்னுரிமை” என்ற தேர்வு இருந்தால் முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். போர்ட்டிகோவில் -121 அளவில் தோன்றி மறையும் 4ஜியைக் கண்டு கைபேசி இங்கும் அங்கும் தாவிக்கொண்டிருப்பதை அது தடுக்கும்.

விருந்தினர் யாரேனும் தங்கள் அலுவலகத்திலோ விடுதியிலோ வைஃபை காலிங் வேலை செய்வதில்லை என்று சொன்னால், அங்குள்ள ஃபயர்வால் யு.டி.பி. 500, 4500 ஆகிய இரண்டு இணைய வாயில்களை (போர்ட்) அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சுரங்கம் அவற்றின் வழியேதான் போகிறது.

பதில் 4: பொதுவைஃபை ஆர்வலர்

விருந்தினர் சிம் வழியாகத் தானாக இணைவது பற்றிய மூன்றாவது கேள்விக்கு விடை எஞ்சியிருக்கிறது. அதற்குரிய நுட்பம் முழுமையாக ஆயத்தமாக உள்ளது. சிம்மைக் கொண்டே வைஃபையில் அடையாளம் காட்டும் இ.ஏ.பி.-சிம், இ.ஏ.பி.-ஏ.கே.ஏ. ஆகிய நெறிமுறைகள் 2006 ஜனவரியில் வெளிவந்தன. எந்த வைஃபை எந்த நிறுவனத்தின் சிம்மை ஏற்கும் என்பதை இணைவதற்கு முன்பே கைபேசி கேட்டறியும் பாஸ்பாயின்ட் சான்றளிப்பை வைஃபை அலையன்ஸ் 2012-இல் தொடங்கியது. ஆனால் சிம்மின் இரகசிய விசை நிறுவனத்திடம் மட்டுமே இருப்பதால், உங்கள் அக்சஸ் பாயின்ட் ஒவ்வொரு முறையும் அந்த நிறுவனத்தின் சேவையகத்திடம் கேட்டாக வேண்டும். அதற்கு ஒப்பந்தம் தேவை. இரண்டு அறை வைத்திருக்கும் ஒரு வீட்டோடு எந்தப் பெரிய நிறுவனமும் தனி ஒப்பந்தம் செய்துகொள்ளாது என்பதுதான் உண்மை நிலை. வயர்லெஸ் பிராட்பேண்ட் அலையன்ஸ் முன்னெடுக்கும் ஓப்பன்ரோமிங் போன்ற கூட்டமைப்புகள் இந்தத் தடையை நீக்கவே முயல்கின்றன. அவை வளர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இந்தியாவில் உங்களைப் போன்ற சிறிய இடங்களுக்கு அரசு வகுத்த வழி, பொது வைஃபைக்கான பி.எம்.-வானி திட்டம். 2020 டிசம்பர் 9 அன்று மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்தது. தேநீர்க் கடையோ மளிகைக் கடையோ உரிமக் கட்டணமும் பதிவும் இல்லாமல், மக்களுக்கு வைஃபை வழங்கும் பொதுத் தரவு அலுவலகமாகச் செயல்படலாம். பயனரை அனுமதிப்பதும் கணக்கு வைப்பதும், இத்தகைய பல இடங்களை ஒருங்கிணைக்கும் திரட்டி நிறுவனத்தின் பொறுப்பு. எஸ்.டி.டி. பூத் ஊரெங்கும் பரவிய காலத்தின் சாயல் இதில் இருக்கிறது. ஆயினும் பூத் உரிமையாளருக்கு அன்று சந்தை இருந்தது. இன்று மொபைல் டேட்டா மலிந்துவிட்டது. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கி நானூறுக்கும் மேற்பட்ட இரயில் நிலையங்களுக்கு ரயில்டெல்லுடன் சேர்ந்து இலவச வைஃபை கொடுத்த கூகுள், 2020-இல் விலகியபோது சொன்ன காரணங்களுள் ஒன்று அதுதான். பொதுத் தரவு அலுவலகங்களுக்கு அகலப்பட்டை இணைப்பு அதிக விலையில் விற்கப்படுகிறது என்ற முறையீட்டின்பேரில், 200 எம்.பி.பி.எஸ். வரையிலான ஃபைபர் திட்டங்களுக்குச் சாதாரண வீட்டுக் கட்டணத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 ஜூனில் ஆணையிட்டது. டவர் எட்டாத பள்ளங்களில் இத்திட்டத்துக்கு இன்னும் பெரிய பயன் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். நகர மையங்களை வைத்து அதை எடைபோடுவது பொருந்தாது.

உங்கள் இரண்டு அறைகளுக்கு இப்போதைக்குத் தனி விருந்தினர் வலையமைப்பும், அறைச் சுவரில் ஒரு க்யூஆர் அட்டையும் போதும். ஒருமுறை ஸ்கேன் செய்தவர்களுக்கு அதன்பின் வைஃபை காலிங் தானாகவே இயங்கும்.

வைஃபையும் 4ஜியும் ஒன்று போய் ஒன்று வருவதற்குப் பதிலாக ஒரே நேரத்தில் சேர்ந்து உழைக்கவும் வழி உண்டு. ஒரே இணைப்பைப் பல பாதைகளில் பிரித்தனுப்பும் மல்டிபாத் டி.சி.பி. 2013-இல் வரையறுக்கப்பட்டது; அதே ஆண்டு ஐஓஎஸ் 7-இல் சிரி அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. தென்கொரியாவில் கே.டி. நிறுவனம் 2015-இல் இதைக்கொண்டு 4ஜியையும் வைஃபையையும் இணைத்து, கோட்பாட்டளவில் 1.17 ஜி.பி.பி.எஸ். வரை எட்டும் சேவையை விற்றது. 5ஜியில் இதற்கான ஏற்பாடு 3ஜிபிபியின் பதினாறாம் வெளியீட்டிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. இங்கே அது வீடுகளுக்கு வரும் நாளில் கேட்டருகே மாறுதல் என்ற பேச்சுக்கே இடமிராது.

மலைச்சரிவு

இவ்வளவு தெளிவை எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. கேட் தூணுக்கு வீட்டிலிருந்து சாதாரண ஈதர்நெட் கேபிள் இழுத்து, அதன் வழியாகவே மின்சாரமும் கொடுத்துவிடலாமா? எங்கள் பகுதியில் மழைக்காலத்தில் இடி மின்னல் அதிகம், மின்வெட்டும் உண்டு.

அலைவரிசை

முப்பது மீட்டர்தான் என்பதால் தூரம் தடையில்லை. ஈதர்நெட்டுக்கு எல்லை 100 மீட்டர். ஆனால் திறந்த வெளியில் செல்லும் செம்புக் கம்பி, அருகில் மின்னல் விழும்போது தூண்டப்படும் மின்னழுத்தத்தை நேராக வீட்டு ரவுட்டருக்குள் கொண்டுவந்துவிடும். கேபிளை மண்ணுக்கடியில் குழாய்க்குள் கொண்டுசெல்லுங்கள். இரு முனையிலும் எர்த் செய்யப்பட்ட சர்ஜ் புரொடெக்டரைப் போடுங்கள். கேட் விளக்குக்கு ஏற்கெனவே மின்கம்பி போகிறதென்றால், செம்புக்குப் பதிலாக ஃபைபர் இழைக் கேபிளை இழுத்து, கருவிக்கான மின்சாரத்தை அந்த விளக்கிலிருந்து எடுப்பது இன்னும் பாதுகாப்பானது.

மின்வெட்டைப் பொறுத்தவரை, ஃபைபர் மோடம், ரவுட்டர், கேட்டில் உள்ள கருவி மூன்றுக்கும் தடையில்லா மின்சாரம் வேண்டும். ஒன்று அணைந்தாலும் வைஃபை காலிங் முழுவதும் நின்றுவிடும். மோடமும் ரவுட்டரும் பெரும்பாலும் 12 வோல்ட்டில் இயங்குபவை. அவற்றுக்கென விற்கும் சிறிய டி.சி. யு.பி.எஸ். சில மணி நேரம் தாங்கும். இன்வெர்ட்டர் இருந்தால் இந்த மூன்றையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

அம்மாவைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. வைஃபை வழியே போகும் அவசர அழைப்பில், நீங்கள் எந்த டவரின் கீழ் இருக்கிறீர்கள் என்ற தகவல் பிணையத்துக்கு எளிதாகக் கிடைக்காது. அமெரிக்காவில் இந்த வசதியை இயக்குவதற்கு முன்பே வீட்டு முகவரியைக் கேட்டு வாங்குவது அதற்காகத்தான். ஆகவே 112-ஐ அழைக்க நேர்ந்தால் ஊர்ப் பெயர், எஸ்டேட் பெயர், பிரிந்து இறங்கும் சாலை ஆகியவற்றை முதல் வாக்கியத்திலேயே சொல்லுமாறு வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லிவையுங்கள். அதையே எழுதி ரவுட்டருக்கு மேல் சுவரில் ஒட்டிவைத்தால் விருந்தினருக்கும் உதவும்.